சத்து மாத்திரை

வெள்ளைக் கோட்டுக்காரி பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதற்குப் போகிறாள், எப்போது வருவாள், ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தாலும் ஜெர்மனில் சொல்லியிருப்பாள், திலகவதிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, அது வேறு விஷயம். பாட்டிலுக்குச் சொந்தக்காரி இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பாவது வேண்டாமா? எல்லாப் பேச்சும் மாப்பிள்ளையிடம்தான். மாப்பிள்ளை ஞானவேல் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனில் ஆபீஸ் சமாச்சாரம் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது மூன்றாவது மருந்துக்கடை. அத்தையின் சத்து மாத்திரைக்காக லீவு போட்டுவிட்டு அந்நிய தேசத்தில் கடை கடையாக ஏறி இறங்குகிற மாப்பிள்ளை என்று திண்டுக்கல்லில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். நல்ல பிள்ளைதான், யார் இல்லை என்றது. நல்ல பிள்ளையாக இருப்பதுதான் இப்போது தொந்தரவு. கெட்ட பிள்ளையாக இருந்தால் எனக்கு நேரமில்லை என்று ஒரே போடாகப் போட்டிருப்பார், அவளும் இந்த ரத்த அழுத்த மெஷினுக்குப் பக்கத்தில், இருமல் மிட்டாய் ஜாடிக்கு எதிரே, செய்யாத குற்றத்துக்குக் கூப்பிட்டு வைத்தவள் போல உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஸ்வெட்டர் பைக்குள் இடது கை சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. இரும்புச் சாவி. உலகத்தில் எந்தப் பூட்டுக்கும் ஆகாத சாவி. சென்னை விமான நிலையத்தில் அதைத் தட்டில் போடச் சொல்லி, எந்த வீட்டுச் சாவி என்று சீருடைக்காரி கேட்டபோது அவள் முழித்த முழியில் இன்னும் கொஞ்சம் இருந்தால் தனியே கூட்டிப் போயிருப்பார்கள். பீரோச் சாவி என்று கடைசியில் சொன்னாள். பொய் சொல்வதில் அவளுக்குப் பழக்கம் உண்டு, ஆனால் திறமை இல்லை. இத்தனை வருஷம் ஒரே பொய்யைச் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் வராது.

முதல் கடையில் ஒரு தாத்தா பாட்டிலின் லேபிளைப் பார்த்தார், சிரித்தார், அலமாரியைக் காட்டினார். வைட்டமின் பி, வைட்டமின் சி, எலும்புக்கு, முடிக்கு, கண்ணுக்கு, களைப்புக்கு. இரண்டாவது கடையில் லேபிளைப் பார்த்த பெண் இதையெல்லாம் இங்கே வாங்காதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் மலிவு என்று உபகாரம் வேறு செய்தாள். இதே மாத்திரைதான் வேண்டும் மாப்பிள்ளை, வேறு ஒத்துக்காது என்று அவள் சாதித்தாள். என்ன ஒத்துக்காது, எப்படி ஒத்துக்காது என்று கேட்கிற ஆளில்லை அவர். ஊர்ப் பெரியவர்களுக்கு மாத்திரை விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு, எங்க அப்பாவும் அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டு காரை எடுத்தார். எரிச்சல் பட்டிருக்கலாம். சந்தேகப்பட்டிருக்கலாம். ஒரு பொம்பளை சத்து மாத்திரைக்காகவா விடிந்தும் விடியாமலும் சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள்? கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து பிசகினால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இது தெரியவில்லை. யாருக்குமே தெரிந்ததில்லை. பாட்டில் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறது என்று உலகமே நம்புகிறது. மூன்றாவது கடைக்காரி மட்டும்தான் மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு அரை மாத்திரை கிடந்தது. உள்ளங்கையில் கொட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம்தான் உள்ளே போனாள். அரை மாத்திரையில் என்ன எழுத்து இருக்கப் போகிறது? இருந்த எழுத்தையும் அவளே கத்தியால் இரண்டாக்கியிருந்தாள்.

கத்தியால் மாத்திரை வெட்டுகிற நிலைமை வருமென்று அம்மா நினைத்திருப்பாளா? அம்மா எதைத்தான் நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை வரிசையில் நிற்கும்போது விழுந்ததாகச் சொன்னார்கள், திலகவதிக்கு அது ஞாபகமே இல்லை, ஞாபகம் இருப்பதெல்லாம் கண் விழித்தபோது சுற்றி நின்ற செருப்புகளும், கைக்குள் யாரோ திணித்திருந்த கேட் சாவியும், டிராயர் போடாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவளைப் பார்த்த பார்வையும்தான். காக்கா வலிப்பு. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் காக்கா. காக்கை என்ன பாவம் செய்தது, அதை ஏன் இதில் இழுத்தார்கள் என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. அம்மா அடுத்த நாளே பள்ளிக்கூடத்தை மாற்றினாள். மதுரையில் ஒரு டாக்டரிடம் ராத்திரி ரயிலில் கூட்டிப் போனாள், தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் படக் கூடாதென்று. டாக்டர் நல்லவர். ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, இதை ஒழுங்காகப் போட்டால் நீ மற்ற பிள்ளைகள் மாதிரிதான், ஆனால் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முன்னால் வந்ததைவிட மோசமாக வரும் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மற்ற பிள்ளைகள் மாதிரி என்ற பாதியை அம்மா ரயிலிலேயே விட்டுவிட்டாள். கிணற்றடிக்குப் போகாதே, அடுப்புப் பக்கம் தனியாக நிற்காதே, சைக்கிள் வேண்டாம், சுற்றுலா வேண்டாம், பி.எஸ்ஸி. முடித்தபோது வேலை வேண்டாம். பத்து பேர் பார்க்கிற இடத்தில் வந்துவிட்டால்? ஏதோ பூட்டைத் தொலைத்துவிட்டு நின்ற இந்த இரும்புச் சாவியைப் பரணிலிருந்து எடுத்துத் தேய்த்து, இடுப்பை விட்டு எடுக்காதே என்று கட்டிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்களே, அம்மா அவ்வளவெல்லாம் சிரமப்படவில்லை, ஒரு பொய்யிலேயே முடித்துவிட்டாள். மருந்துக்கடையில் சத்து மாத்திரை ஒரு பாட்டில் வாங்கி, உள்ளே இருந்ததைக் கோழிக்குப் போட்டுவிட்டு, இந்த மாத்திரையைக் கொட்டி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தாள். பிள்ளைக்கு ரத்தம் கம்மி, சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் அதற்கும் சந்தோஷப்பட்டார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிற பெண் என்று.

அவருக்குத் தெரிந்தது கல்யாணமாகி மூன்றாவது மாசம். அவர் என்றால் சிதம்பரநாதன், அவளைக் கட்டியவர், இப்போது திண்டுக்கல்லில் ஹோட்டல் சாம்பார் சரியில்லை என்று தினம் போனில் அழுகிறவர். அந்தக் காலையில் அடுக்களையில் விழுந்து எழுந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், சாவி அவள் கையில் இருந்தது. அடிப்பார், அம்மா வீட்டுக்கு அனுப்புவார், குறைந்தபட்சம் ஏமாற்றிவிட்டீர்களே என்று கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கதவைச் சாத்தினார். முகத்தைத் துடைத்துவிட்டார். "யாருக்கும் தெரியாம பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்கு அவள் அழுத அழுகை. சாமி மாதிரி வந்து வாய்த்தாரே என்று எத்தனை கோயிலில் எத்தனை விளக்குப் போட்டிருப்பாள். இப்போது யோசித்துப் பார்த்தால், இந்த மிட்டாய் ஜாடிக்கு எதிரே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், அந்த வாக்கியத்தில் அவளை எங்கே பார்த்துக்கொள்கிறார்? யாருக்கும் தெரியாமல் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டார். நம் தெரு மருந்துக்கடையில் வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேர் தெரியாத கடையில் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவி பார்க்கும்போது அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து பாட்டிலில் போடுவார், அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்து வெளியூர்க் குப்பையில் போடுவார். புது பாட்டில் வேண்டுமென்று வருஷத்துக்கொரு தடவை நிஜமான சத்து மாத்திரை வாங்கி, அதை யாருக்காவது தானம் செய்வார். மகள் நித்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு மயக்கம் என்று சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பிவிடுவார். நித்யாவுக்கு இன்றுவரை அது மயக்கம்தான். ஒரே ஒரு தடவை, டாக்டரிடம் இன்னொரு முறை காட்டலாமா, இப்போதெல்லாம் புது மருந்து வந்திருக்கிறதாமே என்று கேட்டாள். எதற்கு, இதுவே ஓடிக்கொண்டிருக்கிறதே, ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்தால் என்னத்தைச் சொல்வது என்றார். ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஸ்கூட்டரைப் பற்றிக்கூட இன்னும் கொஞ்சம் அக்கறையாகப் பேசுவார்.

ஓடிக்கொண்டிருந்தது, இங்கே வந்து நின்றது. நித்யாவுக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள், தையல் ஆற நாளாயிற்று, அம்மா நீ இன்னும் கொஞ்சம் இரேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள், டிக்கெட்டை மாற்றினார்கள். கணக்குப் பண்ணிக் கொண்டுவந்த மாத்திரைக்கு டிக்கெட் மாற்றியது தெரியுமா? பார்சலில் அனுப்பிவிடுகிறேன், ஒன்றும் பயப்படாதே என்றார் அவர். அனுப்பினார். எப்படி அனுப்பினார் என்றால் அதே போல் ஒரு வைட்டமின் பாட்டிலில் போட்டு, மேலே வைட்டமின் என்று எழுதி அனுப்பினார். கொட்டிக் கிழங்கு என்று எழுதினாலும் திறந்து பார்க்கிற தேசம் இது. திறந்து பார்த்தார்கள். வைட்டமினோ என்னவோ, மாத்திரை என்றால் தபாலில் விட மாட்டோம் என்று சுங்கத்தில் வைத்துக்கொண்டார்கள். தகவல் வந்த அன்றைக்கு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "வைட்டமின் தான அத்தை, இதுக்குப் போயா மாமா பார்சல் போட்டாரு? நான் வாங்கித் தாரேன்" என்று சாயங்காலமே ஒரு குழாய் வாங்கி வந்தார், தண்ணீரில் போட்டால் உஸ்ஸென்று பொங்குகிற ஆரஞ்சு நிற வட்டு. தினமும் காலையில் அதைத் தம்ளரில் போட்டுக் கொடுப்பார், எதிரே நின்று குடிக்க வைப்பார். அவளும் குடித்தாள். உள்ளே அரை மாத்திரை, மேலே ஆரஞ்சுத் தண்ணீர். திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு அவரிடம் ரகசியமாகச் சொன்னாள், தீரப் போகிறது, ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லட்டுமா. ஐயையோ, மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே, அரை அரையாகப் போட்டு ஓட்டு, வேறு வழி பண்ணுகிறேன் என்றார். ஓட்டு. மறுபடியும் அந்த ஸ்கூட்டர். தீர்ந்த குழாயைக் கையில் அகப்பட்ட தொட்டியில் போட்டதற்கு மாப்பிள்ளை அதை மெனக்கெட்டுத் தோண்டி எடுத்துப் பாடம் நடத்தினார், பிளாஸ்டிக் என்றால் மஞ்சள் பை, காகிதம் நீலத் தொட்டி, மற்றதெல்லாம் கறுப்பு, மாற்றிப் போட்டால் எடுக்காமல் போய்விடுவார்கள் அத்தை. குப்பை விஷயத்தில் இந்த ஊரில் ஒளிவு மறைவு கிடையாதாம்.

கை இப்போது சும்மா இருக்கிறது. சாவியின் பல் உள்ளங்கையில் குத்துகிறது, குத்தட்டும், குத்துவது தெரிகிறவரைக்கும் நல்லது. காலையில் தெரியவில்லை. குளியலறையில் முக்காலி போட்டு, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கால் இரண்டையும் நீட்டி, பிள்ளையைக் குப்புறக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் வந்தாள். சமையலுக்கு ஆள் வேண்டாம், இந்த ஊரில் எல்லாம் மெஷின் செய்கிறது. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட மெஷின் இல்லை. எதிரே வாளி மேல் சாய்த்து வைத்த போனுக்குள் சம்பந்தியம்மா கோமதி, திருநெல்வேலியிலிருந்து, மூக்கைப் பிடித்து விடுங்க, தலையை உருட்டி விடுங்க என்று தினமும் மேஸ்திரி வேலை. பிள்ளை சுகமாக முனகினாள். அந்த முதுகு. எண்ணெயில் பளபளக்கிற, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்த முதுகு. சொம்பை எடுக்க இடது கையை நீட்டினாள், கை நீளவில்லை, தானாக ஒரு வெட்டு வெட்டியது, இன்னொரு வெட்டு. வாயில் அந்தப் பழைய ருசி, காசை நக்கிப் பார்த்த ருசி. போனுக்குள் கோமதி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிள்ளை வழுக்கியது. வலது கை பிடித்துக்கொண்டது, எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான். நின்றுவிட்டது. நித்யா, பிள்ளையை வாங்கிக்கொள், எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது என்றாள். பாதிக் குளியலில், எண்ணெய் பிசுக்கோடு. நித்யாவின் முகம் சுருங்கியது. கோமதி போனுக்குள்ளிருந்து, வயசாச்சுல்லா, முடியலைன்னா விட்டுடுங்க என்றாள். வயசாச்சாம். வயசுக்கு என்ன, ஐம்பத்தாறு ஒரு வயசா? எனக்கு முடியாமலில்லை, என் மாத்திரையை வெட்டிப்போட்டுவிட்டார்கள் என்று கத்தத் தோன்றியது. முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். நாளைக் காலை இருக்கிறது. நாளைக்கும் முட்டி என்று சொல்லலாம். நாளன்றைக்கு? முட்டி வலிக்கிறது என்று தெரிந்தும் பிள்ளையை மடியில் போட்டுவிட்டு நித்யா குளிக்கப் போவாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பாட்டி மாடிப்படி இறங்குவாள், வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்ல முடியும், பேத்தியைத் தூக்கப் பிடிக்காத பாட்டி என்று பேர் வரும், வரட்டும், பேர் வந்தால் பரவாயில்லை, பிள்ளைக்கு ஒன்று ஆனால்?

வெள்ளைக் கோட்டுக்காரி வந்துவிட்டாள். பாட்டில் ஒரு கையில், மூடி ஒரு கையில். முகத்தில் சிரிப்பு இல்லை. மாப்பிள்ளையிடம் நிதானமாகப் பேசினாள், பேசிவிட்டு இந்தத் தடவை திலகவதியைப் பார்த்தாள். மாப்பிள்ளை போனைப் பையில் போட்டார். பக்கத்தில் வந்து குனிந்து, "அத்தை, இது வைட்டமின் இல்லைங்கறாங்க" என்றார். "என்ன மாத்திரைன்னு தெரியாம எதுவும் குடுக்க முடியாதாம். எதுக்கு சாப்பிடுறீங்கன்னு கேக்குறாங்க." வேறொன்று சொல்லலாம். தூக்கம் வராது, தூக்க மாத்திரை என்று சொல்லலாம், தூக்க மாத்திரையில் ஒரு கௌரவம் இருக்கிறது. படபடப்பு என்று சொல்லலாம். அம்மா இருந்திருந்தால் ஒரு நொடியில் ஒன்றைச் சொல்லியிருப்பாள். அவர் இருந்திருந்தால் ஒன்றுமில்லை, வாங்க போகலாம் என்று கூட்டிக்கொண்டு போயிருப்பார். வெள்ளைக் கோட்டுக்காரி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவளுக்கு எதிரே நின்றாள். மூடி திறந்த பாட்டில் அவள் கையில் இருந்தது. இவ்வளவு பேர் கைபட்ட பாட்டிலை இவள் ஒருத்திதானே திறந்தாள் என்ற நினைப்பு வந்தது. அப்புறம் எண்ணெய் பிசுக்கோடு அந்த முதுகு நழுவியது, கண்ணுக்கு முன்னால், மறுபடி மறுபடி நழுவியது. பூனை கண்ணை மூடிக்கொண்டது போதும் என்று எங்கிருந்தோ ஒரு கோபம் கிளம்பி வந்தது.

"எனக்கு வலிப்பு இருக்கு மாப்பிள்ளை" என்றாள். "காக்கா வலிப்பு. சின்னப் பிள்ளையிலேருந்து. இது அதுக்கான மாத்திரை."

சொன்ன வார்த்தை வெளியே கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவள் வாயால் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் முகம் மாறியது, மாறியதை மறைக்கப் பார்த்து இன்னும் மாறியது. சட்டென்று தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், வரிசையில் நாய்க்குட்டியோடு ஒரு கிழவர், பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு பெண், ஒரு தம்பதி. "மெதுவா அத்தை" என்றார், "மெதுவாச் சொல்லுங்க." மெதுவாகவாம். அந்தக் கடையில், அந்தத் தெருவில், அநேகமாக அந்த ஊரிலேயே தமிழ் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும் நித்யாவைச் சேர்த்தால் மூன்று பேர். நாய்க்குக் கேட்டுவிடும் என்று பயந்தாரா? அவர் ஜெர்மனில் அவளுடைய வியாதியைத் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். வெள்ளைக் கோட்டுக்காரிக்கு முணுமுணுப்பெல்லாம் தெரியாது. எபிலெப்ஸியா என்று உரக்கக் கேட்டாள். உருளைக்கிழங்கா என்று கேட்பது மாதிரி. கடை முழுக்கக் கேட்டது. திலகவதி கண்ணை மூடிக்கொண்டாள், பிரார்த்தனை வரிசை, செருப்புகள், பார்வை. திறந்து பார்த்தபோது யாரும் திரும்பியிருக்கவில்லை. கிழவர் நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் இருமல் மிட்டாய் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பதி ஏதோ சண்டையில் இருந்தார்கள், அதுவும் இவளைப் பற்றி இல்லை. ஒருத்தரும் திரும்பவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்கா சைக்கிள் கிடையாது, வேலை கிடையாது, கிணற்றடி கிடையாது, பெற்ற பிள்ளையிடம் மயக்கம் என்று பொய், கட்டினவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் தாளிட்டுக்கொண்டு பிதுக்கினார்? ஒரு மனுஷியின் முழு ஆயுசையும் ஒரு பாட்டிலுக்குள் போட்டு மூடியை இறுக்கிவிட்டார்களே. திரும்பிப் பாருங்களேன் என்று இந்த ஜனங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளைக் கோட்டுக்காரி போனில் ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டாள். அவசரமென்றால் டாக்டர் வாயால் சொன்னாலே போதுமாம், சீட்டு பின்னால் வருமாம். அதற்கு அவருக்குச் சில விவரம் வேண்டும். டாக்டர் போனில் கேட்க, அவள் மாப்பிள்ளையிடம் கேட்க, மாப்பிள்ளை அத்தையிடம் கேட்டார். மருந்தின் பெயர் என்ன? ஃபீனோபார்பிட்டோன் என்று அவளே நேராகச் சொன்னாள், நாக்கு பிசகவில்லை, மனசுக்குள் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன பெயர். எவ்வளவு அளவு, எத்தனை வேளை, எப்போதிலிருந்து பாதியாகக் குறைத்தீர்கள்? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இப்படி ஒருத்தர் உட்கார வைத்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. கடைசியாக எப்போது வந்தது? "இன்னைக்குக் காலையில" என்றாள். "கையில மட்டும். பாப்பா கால்ல இருந்தா." மாப்பிள்ளை அதை உடனே ஜெர்மனில் சொல்லவில்லை. அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், அது பிடித்திருந்த சாவியையும் பார்த்தார். திருநெல்வேலிப் பிள்ளைக்கு இரும்புச் சாவி எதற்கென்று தெரியாதா? அப்புறம்தான் சொன்னார், சொன்னதோடு நிற்காமல் தானாக ஒன்றும் கேட்டார், அதில் பேபி என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்கு வருமா என்றுதானே கேட்டாய். கேளப்பா. கேட்க வேண்டிய கேள்விதான், கல்யாணத்துக்கு முன்னாலேயே நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கேட்க விடாமல் செய்தோம். டாக்டர் என்னவோ சொன்னார். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுப் பயப்பட வேண்டாம்னு சொல்றார் அத்தை என்று மாப்பிள்ளை ஒப்பித்தார், முகம் கொஞ்சம் தெளிந்தது. மாத்திரை இந்தக் கடையில் இருப்பில் இல்லை, இப்போதெல்லாம் இதை அதிகம் யாரும் கேட்பதில்லையாம், மத்தியான வேனில் வந்துவிடும் என்றாள் வெள்ளைக் கோட்டுக்காரி. அதுவரை படிக்கட்டு வேண்டாம், பிள்ளையைத் தனியாகத் தூக்க வேண்டாம், சாயங்காலமே டாக்டரை நேரில் வந்து பார்க்க வேண்டும். நேராக அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள், கையால் ஜாடை காட்டிக் காட்டி.

வேன் வருகிறவரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், வெளியே டிராம் போவதைப் பார்த்தார். மருந்து வந்தது. வெள்ளை டப்பா, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர், அதன்மேல் வெள்ளைக் கோட்டுக்காரி பேனாவால் காலைக்கு எவ்வளவு, ராத்திரிக்கு எவ்வளவு என்று எழுதினாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முதல் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளை நின்றார். டப்பாவைப் பிரித்து அட்டையை வெளியே எடுத்தார். பழைய பாட்டிலின் மூடியைத் திறந்தார். "இதுலயே கொட்டிக்குவோம் அத்தை" என்றார், அவ்வளவு கனிவாக. "நித்யா பச்ச உடம்புக்காரி, தாங்க மாட்டா. எங்கம்மாகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன். யாருக்கும் தெரியாம பாத்துக்கலாம்." சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். அதே கட்டைவிரல், அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை, எங்கேயோ பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் போல. அன்றைக்கு இதற்கு அழுதாள். இன்றைக்கு அவர் கையிலிருந்து அட்டையை வாங்கி, பிதுங்கியதை வாங்கி, டப்பாவில் வைத்து மூடி, பெயர் வெளியே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டாள். நித்யாவிடம் நானே சொல்கிறேன் என்றாள். நாளைக் காலையில் வீடியோவில் சம்பந்தியம்மாவிடமும் சொல்கிறேன். "நாளைக்கு நீங்க கால நீட்டி உக்காருங்க மாப்பிள்ளை. பாப்பாவ உங்க கால்ல போடுறேன். நான் பக்கத்துல உக்காந்து எப்படிப் பிடிக்கணும்னு சொல்றேன், நித்யா தண்ணி ஊத்தட்டும்." வாசலில் வரிசையாக மூன்று தொட்டி நின்றது. அவர் கையில் இருந்த வைட்டமின் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவள் தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை," என்றாள், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "இத எந்தக் குப்பையில போடணும்?"